பேர் ஒட்டாத பாட்டில்

நான் ஆசாரி. 34 வருஷமாக நிலை, கதவு, அலமாரி செய்து பிழைக்கிறேன். மரம் அறுக்கிற நாளை விட, அதற்குக் கரையான் மருந்து அடிக்கிற நாளுக்குத்தான் பயப்படுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு வீட்டுக்கு நிலை ஏற்ற வேண்டியிருந்தது. சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கு மருந்து பூச என் அக்கா மகனை உட்கார வைத்தேன். வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருந்தது. கையுறை கிடையாது. ஒரு மணி நேரத்தில், "மாமா, கண்ணு மங்குது" என்றான். எச்சில் ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து? பாட்டில் எங்கே?" நான் நீட்டியது கூல்டிரிங்ஸ் பாட்டில். அதில் பேரும் இல்லை, எழுத்தும் இல்லை. கடைக்காரர் பெரிய கேனிலிருந்து அரை லிட்டர் ஊற்றிக் கொடுத்தது. போன் போட்டுக் கேட்டபிறகுதான் குளோர்பைரிபாஸ் என்று தெரிந்தது. அதற்குள் டாக்டரே சுருங்கிப்போன கண்மணியைப் பார்த்துப் புரிந்துகொண்டு அட்ரோபின் ஊசி போட்டிருந்தார். பையன் பிழைத்தான்.

பிறகு கடைக்குப் போய் அந்தக் கேனைப் பார்த்தேன். கடும் நஞ்சுக்கான மஞ்சள் முக்கோணம், மாற்று மருந்தின் பேர், தமிழில் எச்சரிக்கை எல்லாம் இருந்தன. 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் கேட்கிறதெல்லாம் கேனில் இருக்கிறது. பாட்டிலில் ஊற்றிய அந்த நிமிஷமே சட்டம் கேனோடு நின்றுவிட்டது. கரையான் ஒழிக்கும் தொழில் நடத்துகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும். அதே மருந்தைப் பிரஷ்ஷில் தொட்டுப் பூசுகிற ஆசாரியை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அரசு நினைத்தால் முடியும். என் அப்பா காலத்தில் ஆல்ட்ரின் அடித்தார்கள். அதைத் தடை செய்தார்கள். மரத்துக்குப் போட்ட பென்டாகுளோரோபீனாலை 1991-ல் நிறுத்தினார்கள். லிண்டேனும் 2013-ல் போனது. ஆனால் குளோர்பைரிபாஸ் மட்டும் தப்பிக்கொண்டே வருகிறது. 2020-ல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வந்த வரைவில் அதன் பேரும் இருந்தது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது சில பயிர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு. 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. அங்கேயும் கரையானுக்கு விலக்கு வைத்தார்கள். குழந்தைகளை நினைத்து வீட்டு உபயோகத்தை அமெரிக்கா கைவிட முடிவு செய்தது 2000-லேயே. நம் ஊரிலோ குழந்தை தூங்குகிற அறை அலமாரியின் முதுகில் அதைப் பூசிக்கொண்டிருக்கிறோம். பயிருக்கு அடிப்பது மட்டும்தான் பூச்சிக்கொல்லியா?

மழை படாத உள்வேலை மரத்துக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் போதும். அதிலும் கவனம் வேண்டும், ஆனால் ஆளைச் சாய்க்கிற நெடி இல்லை. நான் இப்போது அதைத்தான் போடுகிறேன். இதை ஆசாரிகளுக்கு அரசே சொல்லிக்கொடுக்கலாம். சில்லறையாக ஊற்றி விற்பதை இன்றைக்கே நிறுத்தலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, கடைக்கு வந்து பார்க்க ஒரு அதிகாரி போதும்.

வீடு கட்டுகிறவர்களே, உங்கள் ஆசாரி கையில் இருக்கும் பாட்டிலை வாங்கிப் பாருங்கள். அதில் பேர் ஒட்டியிருக்காவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.