இரண்டு கிலோவைக் கொடுப்பது யார்?

ஒன்றிய அரசின் விதை மசோதா 2025-இன் வரைவு 2025 நவம்பர் 12-இல் வெளியானது. டிசம்பர் 11-க்குள் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. இடையே டிசம்பர் 6, மரபு நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் மறைந்து ஏழாண்டு நிறைந்த நாளும் வந்துபோனது.

ரகப்பதிவு, கியூஆர் குறியீடு, 30 லட்சம் வரை அபராதம் எல்லாம் கம்பெனி விதைக்கு வரட்டும், மறுப்பில்லை. உழவர் ரகங்களுக்குப் பதிவு வேண்டாம் என்றதும் நல்லதே. மரபு விதை காக்கும் நம் சிக்கல் விலக்குப் பிரிவில் இருக்கிறது. விவசாயி தன் பண்ணை விதையைச் சேமிக்கலாம், பகிரலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். வணிகப்பெயரில் மட்டும் விற்கக்கூடாது.

ஜெயராமன் செய்த வேலை இதற்குள் அடங்குமா? 2003-இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாருடன் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தபோது கிடைத்த சில ரகங்களில் தொடங்கி 174 வரை சேர்த்தவர் அவர். ஆதிரெங்கத்தில் பெருக்குவது, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஆளுக்கு 2 கிலோ கொடுப்பது, மறுவருடம் 4 கிலோவாக வாங்குவது என்ற கணக்கு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அங்கே கொடுக்கும் கை ஓர் அமைப்பினுடையது. விலக்கோ விவசாயிக்கு. விதை வங்கி நடத்தும் அறக்கட்டளை, மகளிர் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றின் பெயரையே அந்தப் பிரிவு எடுக்கவில்லை. காட்டுயானம் நெல்லை வாங்கி வைத்துக் கொடுப்பவரும் விதை வியாபாரிதான் என்று ஓர் ஆய்வாளர் சொன்னால் எதைக் காட்டி மறுப்பது?

வணிகப்பெயர் விஷயத்தை நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். சிலருக்குச் சலித்தும் இருக்கும். 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தடுப்பது ஒன்றைத்தான்: பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி சீட்டு ஒட்டிய பையை விற்பதை. மற்ற பைகளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. புதிய வரைவில் அந்த எல்லைக்கோடு இல்லை. நம் சாக்குக்குள் போடும் சீட்டில் என்ன எழுதுகிறோம்? குழிவெடிச்சான் என்ற ரகப்பெயர், விளைந்த பருவம், கொடுத்தவர் பெயர், ஊர். கலவன் தென்பட்டால் யார் வயல் என்று தேடிப்போக வேறு வழி கிடையாது. அந்த ஊர்ப்பெயரை நம்பி நாலு பேர் வாங்கினால் அது வணிகப்பெயர் ஆகுமா? பெயரை எழுதாமல் விட்டால் கலப்பு, எழுதினால் வழக்கு. உருளைக்கிழங்கு பயிரிட்ட குஜராத் விவசாயிகள்மீது பெப்சிகோ 2019-இல் வழக்குப் போட்டபோது தெளிவான 39-ஆம் பிரிவு கையில் இருந்தும் அவர்கள் பட்ட பாடு தெரியும். வாசகமே தெளிவில்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு நம்மவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

கருத்துக் கேட்ட லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். சம்பா வயலில் மழைத்தண்ணீர் வடிகிறதா என்று வரப்பில் நிற்கும் மாதத்தில், வேர்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ மின்னஞ்சல் அனுப்பு என்கிறார்கள். மாநில அரசு மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கு ஜெயராமன் பெயரை வைத்தது. அவர் காட்டிய பரிமாற்றம் சட்டப்படி செல்லுமா என்று ஒன்றிய அரசிடம் கேட்டு வாங்கித் தருவதும் அந்தப் பெயர் வைத்தவர்களின் பொறுப்புதான்.

நாம் கேட்பவை இரண்டு: விலக்குப் பிரிவில் லாபநோக்கற்ற விதைக் குழுக்களைச் சேர்க்க வேண்டும், வணிகப்பெயருக்கு 39-ஆம் பிரிவின் விளக்கத்தையே எடுத்தாள வேண்டும். மசோதா நாடாளுமன்றத்துக்குப் போகுமுன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். கொடுத்த விதை, திரும்பி வந்த விதை இரண்டுக்கும் பதிவேடு வைக்காத குழுக்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். சீட்டில் ஊர்ப்பெயரை எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.