விளையாட்டில் விதியும் கற்பனையும்

மாலை வேளையில் கள்ளன் பொலிஸ் விளையாடும் சிறுவர்களைச் சற்று நின்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பூவரசந்தடி துப்பாக்கியாகிறது, வேலியோரம் சிறைச்சாலையாகிறது. இவற்றை எவரும் மறுப்பதில்லை. ஆனால், “சுட்டுவிட்டேன், விழு!” என்று ஒருவன் கூவ, “படவில்லை!” என்று மற்றவன் சாதிக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. தடியைத் துப்பாக்கியாக்க வல்ல கற்பனை, குண்டு பட்டதா இல்லையா என்பதைத் தீர்க்க வல்லதன்று. அதற்கு இருவரும் முன்னரே ஒப்புக்கொண்ட விதி ஒன்று வேண்டும்.

விதிக்கும் கற்பனைக்கும் உள்ள இந்த உறவு எல்லா ஆட்டங்களிலும் ஒரே தன்மையதன்று. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அதனைப் ‘பசு’ என்று கூறி எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பெயரை நீக்கி வேறு பெயர் இட்டாலும் ஆட்டத்துக்குக் குறைவில்லை. இங்கே கற்பனை வெறும் மேற்பூச்சு.

ஆடு புலி ஆட்டம் அப்படியன்று. 23 சந்திகள் கொண்ட கட்டத்திலே 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதுகின்றன. அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெறுஞ்சந்தியில் இறங்கினால் புலி அந்த ஆட்டைக் கொன்றுவிடும். ஆட்டுக்குக் கொல்லும் ஆற்றல் இல்லை. கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும் ஆற்றல் மட்டுமே உண்டு. கதை ஒன்றும் சொல்லாமலே வலியவனின் பாய்ச்சலையும் எளியவர்களின் ஒற்றுமையையும் இந்த விதிகள் நம் கண்முன் நிறுத்துகின்றன. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் சிங்கள மக்களிடையே வழங்கிய இவ்வினத்து ஆட்டம் ஒன்றையும் விவரித்துள்ளார். அதன் பெயர் ‘திவியன் கெளிய’, அதாவது சிறுத்தை ஆட்டம். வேங்கை இல்லாத நாட்டிலே சிறுத்தை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விலங்கு மாறினும் பாய்ச்சல் மாறவில்லை.

சதுரங்கத்தின் வரலாறு இன்னும் சுவையானது. இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த அந்த ஆட்டத்தில் மந்திரி அரசியானார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் விதியும் மாறி, ஒரு கட்டமே நகர்ந்துவந்த அந்தக் காய் பலகை முழுவதும் பாயும் பேராற்றல் பெற்றது. யானை ஆங்கிலேயரிடம் ஆயராகவும் பிரெஞ்சுக்காரரிடம் கோமாளியாகவும் மாறியது. குதிரை மட்டும் தன் தாவலோடு தன் உருவையும் காத்துக்கொண்டது. விதியோடு பொருந்திய கற்பனை நிலைக்கிறது. பொருந்தாதது நாட்டுக்கு நாடு வேடம் மாற்றுகிறது.

இதுவரை கூறிய ஆட்டங்களிலெல்லாம் விதியே தலைமை வகிக்கிறது. கற்பனை தலைமை ஏற்றால் என்னவாகும்? இந்தக் கேள்வியை முதலிற் கூர்மையாக எழுப்பியவர்கள் போர்வீரர்கள் என்பது வியப்பே. 1824 இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படையதிகாரி, வரைபடத்தின்மீது படைகளை நகர்த்திப் பயிலும் போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். பகடையும் அட்டவணைகளும் நடுவரும் அதற்குத் துணை. காலப்போக்கில் விதிகள் பெருகி, ஆட்டம் ஆமைபோல் ஊர்ந்தது. 1876 இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பி ஆடலாம் என்றார். விதியா, தீர்ப்பா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வழக்கின் வாரிசாக வந்ததுதான், 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் நடுவராயிருந்து உலகை வருணிப்பார். “நான் இதைச் செய்கிறேன்” என்று ஆடுபவர் சொல்வதே நகர்வு. விளைவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருளும்.

இதனை நம் மண்ணின் கூத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. கோவலனாக ஆடுபவர் எத்துணை இரங்கினும் அவனைக் காப்பாற்ற இயலாது. முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. மேற்சொன்ன ஆட்டத்திலோ கோவலனாக அமர்ந்தவர், “பொற்கொல்லனை நம்பேன், கண்ணகியோடு இன்றிரவே மதுரையை விட்டு நீங்குவேன்” எனலாம். நடுவர் என்ன செய்வார்? கோட்டை வாயிலின் காவலன் உறங்குகிறான் என்று முன்னரே சொல்லியிருந்தால் பகடைக்கு வேலையில்லை. கதையே விடை தந்துவிட்டது. விதியைக் காட்டி உறங்குபவனை எழுப்புவது கதைக்குச் செய்யும் துரோகம். காவலன் விழித்திருந்தால் பகடை உருட்டத்தான் வேண்டும். அது பகையாக விழுந்தபின், கோவலன்மேலுள்ள பரிவினால் நடுவர் அதை மறைத்துவிட்டால் அது விதிக்குச் செய்யும் துரோகம். அத்துடன் கதையும் நலிகிறது. நினைத்தபோதெல்லாம் பிழைக்கக்கூடிய கோவலனுக்காக எந்தக் கண்ணகி கண்ணீர் விடுவாள்?

ஆகவே, ஐயம் இல்லாத இடத்தில் கதையும், ஐயம் எழுந்த இடத்தில் விதியும் ஆளவேண்டும் என்பதே நியாயமான பங்கீடு. வன்னி மக்களுக்கு இதை விளக்க இரணைமடுவே போதும். கட்டு இல்லாவிட்டால் மழைநீர் கடலுக்கு ஓடிவிடும்; குளம் என்று ஒன்றே இராது. துருசு இல்லாவிட்டாலோ, நிறைந்த குளத்தருகே வயல் காய்ந்து கிடக்கும். விதி கட்டு, காலமறிந்து திறக்கும் தீர்ப்புத் துருசு.

பிள்ளைகள் விளையாடுவதை வீண்பொழுது என்று எண்ணும் பெற்றோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வீடு வாசலை விட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மக்கள் வாழும் நிலம் இது. எல்லாவற்றையும் இழந்தவரும் நிலத்திற் கோடு கீறிச் சில கற்களைப் பொறுக்கினால் ஆட்டம் தொடங்கிவிடலாம். அதற்கு மேலும் தேவைப்படுவது ஒன்றே: எதிரில் இருப்பவருக்குக் கொடுத்த வாக்கு. விதி என்பது அந்த வாக்குத்தான். தான் தோற்கும் வேளையிலும் அதை மீறாத பிள்ளை, பிறருடன் சேர்ந்து ஓர் உலகைக் கற்பனை செய்யவும் அதில் நேர்மையாய் வாழவும் கற்றுக்கொள்கிறது. பள்ளிப் பாடத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்த கல்வி அன்று.