பழையதை அழிக்க அவசரப்படாதீர்கள்

மாணவர்களே, கூலாய் பக்கம் போகும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே சன்னல் இல்லாத பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தரவு மையங்கள். செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் இப்படிப் பல எழுந்துவிட்டன. அங்கே வேலை என்றாலே செயற்கை நுண்ணறிவுதான் என்று உங்களில் பலர் நினைக்கலாம். பழைய தரவைச் சேதமின்றிப் புதிய வட்டுக்கு மாற்றும் திறமையும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் கருத்து.

உலகின் பெரிய வங்கிகள் பலவற்றில் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினிகள் இன்றும் ஓடுகின்றன. ஐபிஎம் நிறுவனம் 1972இல் அறிவித்த விஎம்/370 மென்பொருளின் வழிவந்தது இசட்/விஎம். இது ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும். பெரிய வட்டை வீட்டுமனைகளைப் போலப் பிரித்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஒரு பதிவேட்டில் இருக்கும்.

வட்டுகளுக்கு வயதாகும், மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், பதிவேட்டில் ஓர் எண் பிசகினாலும் ஒருவர் மனையில் மற்றவர் வீடு கட்டிவிடுவார். இன்னோர் ஆபத்தும் உண்டு. முழு வட்டையும் நகலெடுத்தால் அதன் பெயரும் சேர்ந்து நகலாகும். ஒரே பெயரில் இரண்டு வட்டுகள் இருந்தால், கணினி மறுபடி இயங்கும்போது பழையதையே எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால், அனுபவசாலிகள் முதலில் மெய்நிகர் கணினியை நிறுத்துவார்கள்; பிறகு நகலெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, புதிய வட்டிலிருந்து இயக்கிச் சோதிப்பார்கள். பழைய வட்டை அழிப்பது கடைசி வேலை.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில், காப்புநகல் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. காக்க வந்த நிரலே அழித்துவிட்டது!

நம் முன்னோரும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள்தாம். ஓலைச்சுவடி சிதையும் முன் புதிய ஓலையில் படியெடுத்தவர்களால் நூல்கள் பிழைத்தன. படியெடுக்காமல் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட சுவடிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். அவற்றில் என்னென்ன இருந்தன என்று இனி யாருக்குத் தெரியும்?

இரண்டு நகல்களை வைத்திருந்தால் இடமும் மின்சாரமும் வீணாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழையதைக் காலமெல்லாம் வைத்திருக்கச் சொல்லவில்லை. புதியதைத் திறந்து, படித்து, சரிபார்க்கும் வரையாவது வைத்திருங்கள் என்கிறேன்.

இன்றே தொடங்கலாம். பாட்டியின் பழைய கைப்பேசியில் உள்ள படங்களைப் புதியதற்கு மாற்றுங்கள். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு பழையதை அழியுங்கள். நாளை ஒரு வங்கியின் கணக்குகளை உங்கள் கையில் ஒப்படைத்தாலும் செய்ய வேண்டியது இதைத்தான்.