கடற்கரை பொது இடம். குழந்தையின் முகம் பொதுச்சொத்து அன்று

அண்மையில் ஒரு கருத்தரங்கில் கேரளத் தென்கரையின் கடலரிப்பு குறித்த கட்டுரை ஒன்றைக் கேட்டேன். தரவுகள் திருத்தமானவை; வாதம் நேர்மையானது. நான்காவது ஸ்லைடில் ஓர் ஒளிப்படம்: இடிந்த சுவரின் முன்னால் நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, அழுகிற முகம், பின்னணியில் கடல். படத்தின் கீழே இரண்டே குறிப்புகள்: ‘வலியதுறை, திருவனந்தபுரம்’, ‘ஒளிப்படம்: கட்டுரையாளர்’. கேள்வி நேரத்தில் எழுந்து, அக்குழந்தையின் பெற்றோரிடம் அனுமதி பெற்றீர்களா என்று கேட்டேன். “அது பொது இடந்தானே” என்பது பதில். அரங்கில் பலர் ஆமோதித்துத் தலையசைத்தனர். கட்டுரையாளருக்கு எதிராக அல்ல, அந்தத் தலையசைப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஞாயிறு மாலை சங்குமுகத்துக்குச் சென்றால், கானாயி குஞ்ஞிராமன் 1992இல் செய்து முடித்த சாகரகன்யகா சிற்பத்தைச் சுற்றிலும் நகரத்துக் குடும்பங்களைக் காணலாம். அங்கே மணலில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் பக்கம் அந்நியர் ஒருவர் நீண்ட லென்ஸைத் திருப்பினால் என்ன நடக்கும்? தகப்பனார் எழுந்து வருவார். எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்பார். எடுத்தவர் மன்னிப்புக் கோரி, திரையைக் காட்டி, படத்தை அழிப்பார். அது முறையானதே. இனி அதே கரையில் தெற்கு நோக்கி நடப்போம், வலியதுறை வந்துவிடும். அதே ஆள், அதே லென்ஸ், அதே வயதுக் குழந்தை. ஆனால் இங்கே அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. சட்டம் இவ்விரு குழந்தைகளையும் வேறுபடுத்தவில்லை. யாருடைய தகப்பனார் எழுந்து வந்தால் நாம் அஞ்சுவோம் என்பதுதான் வேறுபடுத்துகிறது.

‘பொது இடம்’ என்ற சொல் இங்கே எதை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வருபவருக்குக் கடற்கரை உலாவும் இடம். கடற்றொழிலாளர் குடும்பத்துக்கு அது பணியிடம், வீட்டு முற்றம், குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும் இடம், கரமடி இழுத்த களைப்பில் படகு நிழலில் கண்ணயரும் இடம். கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு வலியதுறையின் சிமெண்டுக் கிடங்கில், துணித் தடுப்புகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்த குடும்பங்கள் உண்டு. நான்கு சுவருக்குள் நடக்க வேண்டிய வாழ்க்கையில் பாதி அவர்களுக்கு வெட்டவெளியில் நடக்கிறது. சுவரை இழந்தவரிடம், ‘நீங்கள் வெளியேதானே இருக்கிறீர்கள், ஆகவே உங்களைப் படமெடுக்கலாம்’ என்று சொல்வது, அவருடைய இழப்பையே நமக்கான அனுமதிச் சீட்டாக மாற்றுவதாகும்.

சட்டத்தின் துணையை நாடுவோருக்கும் ஒரு சொல். அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பில், பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்றும், அவ்வுரிமை இடத்தைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது என்றும் நீதிபதி சந்திரசூட் எழுதினார். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. அதே சட்டம், சில நிபந்தனைகளுடன், ஆராய்ச்சிக்கு விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கைத்தான் நம்மில் சிலர் கேடயமாகப் பிடிக்கிறோம். சட்டம் நமக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதாலேயே, தட்டாமல் உள்ளே போகலாம் என்று பொருளாகிவிடாது.

இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. நானும் செய்திருக்கிறேன். 2022இல் விழிஞம் துறைமுகத்துக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த மாதங்களில், களப்பணியின்போது, குவித்த வலைமேல் உறங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் படமெடுத்தேன். அழகான படம், இரண்டு கருத்தரங்குகளில் காட்டினேன். மறு ஆண்டு அதே தெருவுக்குச் சென்றபோது அக்குழந்தையின் தாயைச் சந்தித்தேன். குமரிக் கரையிலிருந்து மணமாகி வந்தவர். என்னிடம் தமிழிலேயே பேசினார். “மக்களே, அன்னைக்குப் பிள்ளைய படம் எடுத்துட்டுப் போனியளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” என்றார். நான் தடுமாறினேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிலைகுலைத்தது: “போட்டும். அந்தப் படத்த எனக்கொண்ணு தருவியளா? எங்க ஆல்பம் எல்லாம் வீட்டோட கடல்ல போச்சு.”

ஒரு குழந்தையின் இரண்டாம் வயதுக்கு எஞ்சியிருந்த ஒரே சான்று, அக்குழந்தையின் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் மடிக்கணினியில், ‘களம் 2’ என்ற கோப்புறையில் கிடந்தது. பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதனால் செய்தது சரியாகிவிடவில்லை.

எதிர்வாதங்களை நான் அறிவேன். முதலாவது, இத்தகைய படங்கள் நீதிக்கு உதவுகின்றன என்பது. உதவுவதுண்டு, ஆனால் யாருக்கு என்று கேட்க வேண்டும். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயை டோரதியா லேஞ்ச் படமெடுத்தார். படம் நாளிதழில் வெளிவந்ததும் அரசு முகாமுக்கு உணவு அனுப்பியது. உணவு வந்து சேர்ந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கிருந்து போய்விட்டிருந்தனர். அவர் யார் என்பது 1978 வரை உலகுக்குத் தெரியாது. உலகப் புகழ்பெற்ற அப்படத்துக்காக அவருக்கு உரிமத்தொகை எதுவும் வந்ததில்லை. படம் பொதுவாக உதவியது என்பதும், படத்திலிருந்தவருக்கு உதவவில்லை என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். நம் கரையில் நீதி கேட்க விரும்பியவர்கள் 2022இல் தாமே பதாகை ஏந்திக் கேமராவை நேராகப் பார்த்து நின்றார்கள். அது அவர்கள் தேர்ந்தெடுத்த முகம். வலைமேல் உறங்கிய குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டாவது, கேட்டால் இயல்பு கெட்டுவிடும், ஆவணக் கலையே செத்துவிடும் என்பது. எடுத்த பிறகும் கேட்கலாமே! எடுத்த கணத்தின் இயல்பு பின்னால் கேட்பதால் மாறிவிடுவதில்லை. ‘வேண்டாம்’ என்றால் அழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. இங்கிலாந்தின் நியூ பிரைட்டன் கடற்கரையில் குழந்தைகளோடு விடுமுறை கழித்த குடும்பங்களை மார்ட்டின் பார் எடுத்த படங்கள் 1986இல் நூலாக வந்தபோது, உழைக்கும் வர்க்கத்தை ஏளனமாகப் பார்க்கும் படங்கள் என்று விமர்சகர் சிலர் சாடினர். அச்சாடல் சரியா தவறா என்பது வேறு விவாதம். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுப்பப்பட்டது. சாதியும் வர்க்கமும் பற்றி நாள்தோறும் பேசும் நம் துறைகளில் அக்கேள்வி ஏன் ஸ்லைடின் விளிம்பில் நின்றுவிடுகிறது?

மூன்றாவது, இப்படிப் பேசினால் கேமரா வைத்திருப்பவர் எல்லாரும் ஐயத்துக்கு ஆளாவர் என்பது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். கடற்கரையில் கேமராவோடு நிற்பவரைச் சூழ்ந்து மிரட்டும் கும்பலுக்கு இப்பதிவு ஆதரவன்று. தடை கேட்கவில்லை. கேட்பது ஒரு வாக்கியத்தை: “படம் எடுக்கலாமா?”

அவ்வாக்கியத்தைச் சொல்லிப் பிழைப்பவர்கள் நம் கரைகளிலேயே இருக்கிறார்கள். கன்னியாகுமரியிலும் மெரினாவிலும் கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாக அலையும் ஒளிப்படக்காரரைப் பாருங்கள். அவர் முன்னால் வந்து நிற்கிறார், கேட்கிறார், மறுத்தால் நகர்கிறார், இசைந்தால் எடுத்து, பிரதியைக் குடும்பத்தின் கையில் கொடுக்கிறார். எடுக்கப்பட்டவரிடமே படம் போய்ச் சேர்கிறது. கைப்பேசி வந்தபின் அவர் பிழைப்பு நலிந்துவிட்டது. நெறிமுறைக் குழுவின் கையெழுத்தோடு களத்துக்குச் செல்லும் நாமோ தொலைவில் நிற்கிறோம், கேட்பதில்லை, எடுத்ததைக் கொண்டுபோய்விடுகிறோம். எவருடைய தொழில் அறம் உயர்ந்தது?

நம் நேர்காணல்களுக்கு ஒப்புதல் படிவம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஏழு வயது முதல் குழந்தையின் சொந்த இசைவையும் பெற்றோரின் ஒப்புதலோடு சேர்த்துப் பெறச் சொல்கின்றன. ஒரு தாயின் சொற்களை எழுதிக்கொள்ளப் படிவம் நீட்டும் நாம், அவர் மகளின் முகத்தை எடுத்துக்கொள்ளக் கையசைவில்கூட அனுமதி கேட்பதில்லை. சொல் தரவு, முகம் அலங்காரம் என்ற இந்தப் பாகுபாட்டை யார் நமக்குக் கற்பித்தது?

ஆகவே மாணவ நண்பர்களிடமும் வழிகாட்டும் பேராசிரியர்களிடமும் என் கோரிக்கைகள் மூன்று. அடையாளம் காணத்தக்க குழந்தையின் படம் எதுவும் பெற்றோரின் ஒப்புதலின்றி ஆய்வேட்டிலோ ஸ்லைடிலோ சுவரொட்டியிலோ இடம்பெறக் கூடாது. எடுத்த படத்தின் பிரதி குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பின்னொரு நாள் ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிட வேண்டும். ஒப்புதல் பெற முடியாத பழைய படங்களை இன்றே நீக்கத் தொடங்கலாம். நான் தொடங்கிவிட்டேன், என் ஆய்வேட்டு வரைவிலிருந்து பதினொரு படங்கள் போயின. கடலரிப்பு பற்றிய என் வாதத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

அடுத்த கருத்தரங்கிலும் அதே கேள்வியைக் கேட்பேன். எரிச்சல் கொள்ளாமல் பதிலோடு வாருங்கள்.