டேட்டாபேஸ் பாடம்: மனப்பாடம் போதுமா?

தட்கல் நேரம். ரயிலில் மிச்சம் ஒரே ஒரு பெர்த். சென்னையில் ஒருவர், மதுரையில் ஒருவர் என இரண்டு பேர் ஒரே நொடியில் ‘புக்’ பட்டனைத் தட்டுகிறார்கள். டிக்கெட் ஒருவருக்குத்தான் போக வேண்டும். அந்தப் பொறுப்பு, பின்னால் இருக்கும் டேட்டாபேஸுடையது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் தப்பிக்க முடியாத பாடம் இது. ஆனால், இதை எப்படி நடத்துவது என்பதில்தான் சிக்கல். தியரி மட்டும் நடத்தினால், விதிகளைக் கடகடவென ஒப்பிப்பவர்கள் இன்டர்வியூவில் ஒரு க்வெரி எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள். எஸ்.க்யூ.எல். மட்டும் பழக்கினால், 10 வரிகள் உள்ள டேபிளில் பறந்த க்வெரி 10 லட்சம் வரிகளில் ஏன் திணறுகிறது என்று தெரிவதில்லை.

உண்மையில் இரண்டும் தனித்தனி அல்ல. ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் தகவல்களை டேபிள்களாகப் பார்க்கும் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். அதை நம்பித்தான் 1974-ல் சேம்பர்லினும் பாய்ஸும் எஸ்.க்யூ.எல். மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இந்த உறவை அப்படியே பாடமாக்கியிருக்கிறது. அங்கே ‘பஸ்டப்’ என்ற அரைகுறை டேட்டாபேஸை மாணவர்களிடம் கொடுத்து, விடுபட்ட பாகங்களை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதவைக்கிறார்கள். வகுப்பில் கேட்ட தியரிதான் வீட்டுப்பாடம். அந்த வகுப்புகள் யூடியூபில் இலவசம்.

அவ்வளவு தூரம் போகாமலும் தொடங்கலாம். இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் போதும். ஒரே டேட்டாபேஸை இரண்டு விண்டோவில் திறந்து, இரண்டிலும் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்க வேண்டும். 12-ம் நம்பர் சீட் இரண்டு பக்கமும் ‘காலி’ என்று காட்டும். இருவரும் தங்கள் பெயரை எழுதி முடித்தால், முதலாமவரின் பெயர் மேலேயே இரண்டாமவர் பெயர் ஏறிவிடும். முதலாமவர் சீட் போச்சு!

பார்க்கும்போதே அந்த வரியைப் பூட்டும் ‘ஃபார் அப்டேட்’டைச் சேர்த்தால், இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். அவர் முறை வரும்போது சீட் நிரம்பியது தெரிந்துவிடும். இதற்குப் பிறகு ‘லாக்’ தியரியை நடத்தினால், மனப்பாடம் தேவைப்படாது.

தேர்வுத்தாளும் மாற வேண்டும். ‘நார்மலைசேஷனை விளக்குக’ என்பதற்குப் பதில், ஒரே போன் நம்பர் ஐந்து இடங்களில் இருக்கும் டேபிளைக் கொடுத்து ‘சரிசெய்க’ எனலாம். கேள்வி அப்படி வந்தால், படிப்பும் அப்படியே மாறும்.

வீட்டில் டேட்டாபேஸ் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றே அந்த இரண்டு விண்டோ பரிசோதனையைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது!