சிரிப்பும் கவலையும்

வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்து நம்மவர்க்கு இது புதிதல்ல. மலையாளி "வெள்ளம்" கேட்டால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தால் போதும். தமிழ் அகராதியை மட்டும் நம்புகிறவர் ஆறு பெருகிவிட்டதென்று ஓடத்தான் வேண்டும்!

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் விளையும் இந்தக் கூத்து இணையக் கலைக்களஞ்சியத்திலும் அரங்கேறியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 2009-ஐ ஒட்டி, கூகிள் நிறுவனம் ஆங்கிலக் கட்டுரைகளைக் கருவியின் துணையோடு கூலிக்கு மொழிபெயர்க்கச் செய்து நூற்றுக்கணக்கில் ஏற்றிற்று. சிரிப்பூட்டுவது எவர் நோக்கமும் அல்ல. ஆயினும் எழுவாய் ஓரிடத்தில், பயனிலை நாலு வரி தள்ளி. இடையில் அகப்பட்ட வாசகர் சிரிக்காமல் என்ன செய்வார்? போதாக்குறைக்கு அமெரிக்கப் பாடகர்களுக்குத் தனி மரியாதை! 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ்த் தன்னார்வலர்கள் இக்குறைகளை எடுத்துரைத்தனர்.

பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது.

படித்துச் சிரிக்கிற பெரியவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. மலையாளப் பள்ளியில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும் பிள்ளை, கைப்பேசியில் கண்டதையே நல்ல தமிழென்று சிரிக்காமல் எழுதிக்கொள்கிறதே, அதுதான் கவலை.

அச்சிட்ட நூலின் பிழை அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். விக்கிப்பீடியாவிலோ, பக்கத்தின் மேலே "தொகு" என்றொரு சொல் உண்டு. அதை அழுத்தி எவரும் திருத்தலாம். அலுவலகத்தில் நாள்தோறும் இரு மொழிக் கோப்புகளையும் புரட்டும் நம் எழுத்தர்கள் ஞாயிறுதோறும் ஒரு பக்கத்தையாவது செப்பனிடட்டும்.