பாளையங்கோட்டைச் சிறையும் நம் வகுப்பறையும்



நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பாளையங்கோட்டை. அங்குள்ள மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருப்பதாக, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் சொல்லப்பட்டது. எந்தெந்தச் சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறையில் சாதி பார்த்து இடமோ வேலையோ ஒதுக்கக் கூடாது; பதிவேட்டில் சாதிக்கான கட்டமே இருக்கக் கூடாது; வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடரும் இந்த விதிகளை மூன்று மாதத்தில் திருத்த வேண்டும் என்றது.

"பிரித்து வைத்தால்தானே சண்டை வராது?" என்று கேட்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றமே முன்பு ஒரு வழக்கில் இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் அடிதடி நடந்தபோது, இந்தப் பையன்களை இந்தப் பக்கமும் அந்தப் பையன்களை அந்தப் பக்கமும் உட்கார வைத்தேன். வகுப்பு அமைதியானது. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் எந்த பெஞ்ச் யாருடையது என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சண்டையை நிறுத்தவில்லை. அதற்கு எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தேன். இன்றும் உறுத்துகிறது.

2023-இல் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. எனக்கு முப்பது வருஷம் முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

சிறைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். வழக்கு முடிந்து வெளியே வரும்போது, சாதிக்காரன் மட்டுமே துணை என்ற பாடத்தோடு வந்தால், அதைக் கற்றுக்கொடுத்தது அரசாங்கம் என்றுதானே ஆகும்?

உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், காவல் துறையிலும் சிறைத் துறையிலும் இருக்கிறீர்கள். தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கே பெஞ்சை மாற்றிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்